கோட்டையும் கோயிலும்: கானா நாட்டு நினைவுச் சின்னங்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையை இவ்விதழின் வாசகர் பலர் பார்த்திருப்பர். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவோடு 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை அது. சீகன்பால்கும் புளூட்சௌவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் அவ்வூரை வந்தடைந்தனர் என்பதை நம் மாணவர் முதலாம் ஆண்டிலேயே கற்கின்றனர். அவர்களை அனுப்பிய டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கொடி, அதே ஆண்டுகளில் வேறொரு கடற்கரைக் கோட்டையின்மீதும் பறந்துகொண்டிருந்தது. இதை நாம் கற்பிப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் தலைநகராகிய ஆக்ராவில், 1661-இல் டேனியர் பெற்ற நிலத்தில் எழுந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையே அது. சோழமண்டலக் கரையிலிருந்து கோப்பன்ஹேகனுக்குக் கப்பலேறிய பருத்தித் துணிகளில் ஒரு பகுதி மீண்டும் கப்பலேறி அக்கோட்டைக்குச் சென்றது. அங்கே மனிதரை வாங்கும் விலைப்பொருளாயிற்று. டேனியக் கொடியின் கீழ் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டனர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நம் நாட்டிற்கு அருட்பணியாளரை அனுப்பிய அரசும், கினியாக் கரைக்கு அடிமைக் கப்பலை அனுப்பிய கம்பெனிக்குப் பட்டயம் அளித்த அரசும் ஒன்றே.

டேனியர் தரங்கம்பாடியை 1845-இலும், கிறிஸ்டியான்ஸ்போர்க்கை 1850-இலும் ஆங்கிலேயருக்கு விற்றனர். ஒரே கையால் கட்டப்பெற்று ஒரே கையால் விற்கப்பெற்ற இவ்விரு கோட்டைகளும் இன்று அந்தந்த நாட்டு மக்களின் பொதுச் சொத்து. பிறர் கட்டிப் பிறர் ஆண்ட கட்டடத்தை, அதுவும் கொடுமை நிகழ்ந்த கட்டடத்தை, ஒரு நாடு எவ்வாறு தன் மரபுச் செல்வமாகப் பேணுவது? பார்க்க வருவோர்க்கு அதை என்னவென்று சொல்லிக் காட்டுவது? கானா நாட்டார் இக்கேள்வியோடு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியுள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இறையியல் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உளராயின், சற்றுப் பொறுத்தருள்க. அக்கோட்டைகளின் நடுவே ஒரு கோயில் இருக்கிறது.

அக்கரையில் ஐரோப்பியர் கட்டியவற்றுள் மிகப் பழையது எல்மினாக் கோட்டை. 1482-இல் போர்த்துக்கேயத் தளபதி தியோகு தெ அசாம்புஜா, தம் நாட்டிலிருந்தே செதுக்கிய கற்களைக் கப்பலில் கொணர்ந்து அதை எழுப்பினார். அன்று அவர்கள் தேடி வந்தது பொன். மனித வணிகம் பின்னரே பெருகியது. 1637-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். கோட்டை முற்றத்திலிருந்த கத்தோலிக்கக் கோயிலை அவர்கள் வேறு பயனுக்கு ஒதுக்கிவிட்டு, சீர்திருத்த சபையினராகிய தமக்கென மேல்மாடியில் ஓர் ஆராதனைக் கூடம் அமைத்துக்கொண்டனர். அதன் வாயிலில் சீயோனைக் கர்த்தர் தமக்கு உறைவிடமாகத் தெரிந்துகொண்டதைக் கூறும் 132-ஆம் சங்கீதத்தின் சொற்கள் டச்சு மொழியில் எழுதப்பெற்றன. அதே கோட்டையின் தாழ்ந்த அறைகளில், கப்பலுக்காகக் காத்திருக்கும் ஆண்களும் பெண்களும் அடைக்கப்பட்டிருந்தனர்.

எல்மினாவிலிருந்து சில கல் தொலைவில் இருப்பது கேப் கோஸ்ட் கோட்டை. 1653-இல் சுவீடன் நாட்டார் தொடங்கிய இக்கோட்டை பல கை மாறி 1660-களில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1877-இல் தலைநகர் ஆக்ராவுக்கு மாற்றப்படும்வரை ஆங்கிலேயர் அக்கரையை ஆண்டது இங்கிருந்துதான். பாறையைக் குடைந்து அமைத்த ஆண்கள் நிலவறையில் ஒரே வேளையில் ஆயிரம் பேர்வரை அடைக்கப்பட்டனர் என்பர். காற்றுக்கென உயரத்தில் ஓரிரு துளைகள், கழிவு ஓடத் தரையில் ஒரு கால்வாய், இவையன்றி வேறொன்றும் இல்லை. அந்நிலவறைக்கு நேர்மேலே ஆங்கிலத் திருச்சபையின் ஆராதனைக் கூடம் இருந்தது. இன்று வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் இதைக் கூறத் தவறுவதில்லை. 2009 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா அங்குச் சென்றபோதும் அவர் உள்ளத்தில் பதிந்த காட்சி இதுவே.

அந்தக் கூடத்தில் ஆராதனை நடத்தியோர் யார்? அரை நூற்றாண்டுக் காலம் அங்கு ஆயராயிருந்தவர் ஓர் ஆப்பிரிக்கர். கேப் கோஸ்டில் பிறந்த பிலிப் குவேக்கு என்பாரை, நற்செய்தி பரப்பும் சங்கத்தின் அருட்பணியாளர் தாமஸ் தாம்சன் 1754-இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். 1765-இல் குருப்பட்டம் பெற்ற குவேக்கு, ஆங்கிலத் திருச்சபையில் குருவான முதல் ஆப்பிரிக்கர் ஆவார். மறு ஆண்டு தாயகம் திரும்பிய அவர், 1816-இல் இறக்கும்வரை கோட்டையின் குருவாகவும் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தார். தாய்மொழி மறந்துபோனமையால் தம் சொந்த மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு அருளுரை ஆற்ற வேண்டிய நிலை அவருக்கு. சங்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார். பதில் வந்தது சிலவற்றிற்கே. அவர் கல்லறை அக்கோட்டை முற்றத்திலேயே இருக்கிறது. அவரை அனுப்பிவைத்த தாம்சனோ, 1772-இல் அடிமை வணிகம் மனிதத் தன்மைக்கும் திருவெளிப்பாட்டுக்கும் முரணன்று என நிலைநாட்ட ஒரு சிறு நூல் எழுதினார். சங்கமும் பார்படோஸ் தீவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திய சங்கமே.

எல்மினாவிலும் இதற்கு இணையான ஒருவர் உண்டு. சிறுவனாயிருக்கையில் அடிமையாக விற்கப்பட்டு ஹாலந்து சேர்ந்த யாக்கோபுஸ் கப்பிட்டைன், லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். அடிமைமுறை கிறிஸ்தவ விடுதலைக்கு மாறானதன்று என்று வாதிக்கும் ஆய்வுரையை 1742-இல் அளித்தார். அதே ஆண்டு குருப்பட்டம் பெற்று எல்மினாவுக்கு வந்தார். கர்த்தரின் ஜெபத்தை ஃபாந்தி மொழியில் பெயர்த்தார். 1747-இல், முப்பது வயதளவில், மறைந்தார். இவரைக் குறை கூறுவது எளிது. இவருக்கு இறையியல் கற்பித்த பேராசிரியர் எவரையும் நாம் பெயர் சொல்லிக் குறை கூறுவதில்லை என்பது மட்டும் என் உள்ளத்தை உறுத்துகிறது.

1957 மார்ச் 6-ஆம் நாள் கானா விடுதலை பெற்றது. அதற்கு முந்திய நாளே ஆக்ராவில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது குறிப்பிடத்தக்கது. அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்குமான வாரியமும் அவ்வாண்டே அமைந்தது. அதற்கு முன்னரே கோட்டைகளை அளந்து, வரைபடம் தீட்டி, இடிந்தவற்றைச் செப்பனிடும் பணியைத் தொடங்கிவைத்தவர் தொல்லியல் பேராசிரியர் ஏ. டபிள்யூ. லாரன்ஸ். அரேபிய லாரன்ஸ் எனப் புகழ்பெற்றவரின் இளவல் இவர். இக்கோட்டைகள் பற்றி 1963-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. அடிமைத்தனத்தின் அடையாளம் என்று இவற்றை இடித்துத் தள்ளியிருக்கலாம். புதிய அரசு அவ்வாறு செய்யவில்லை. கிறிஸ்டியான்ஸ்போர்க் நெடுங்காலம் அரசின் இருக்கையாகவே விளங்கிற்று. எல்மினா காவலர் பயிற்சிக் கூடமாயிற்று. 1979-இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கரையின் கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனினும் பட்டியலில் சேர்வது சுவரைத் தாங்காது. உப்புக் காற்றும் அலையும் ஈரமும் கல்லையும் காரையையும் ஓயாது அரிக்கின்றன. கடலோரக் கோயில்களைப் பராமரிக்கும் நம் ஆயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் பொருளுதவி அளிக்க, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அறிவுரை நல்க, எல்மினாவையும் கேப் கோஸ்டையும் செப்பனிடும் பெரும் பணி நடந்தது. கூரைகள் மாற்றப்பட்டன, வெடிப்புகள் அடைக்கப்பட்டன, சுவர்களுக்கு வெள்ளை அடிக்கப்பட்டது. சுற்றுலாவினால் அவ்வட்டாரத்து ஏழை மக்களுக்குப் பிழைப்புக் கிட்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு.

அப்போது எழுந்தது எதிர்ப்பு. அடிமைகளின் வழித்தோன்றல்களாகிய அமெரிக்கக் கறுப்பினத்தார் சிலர் அக்காலத்தில் கானாவில் குடியேறியிருந்தனர். பலர் பயணிகளாகவும் வந்தனர். அவர்கள் அந்த வெண்மையைக் கண்டு கொதித்தனர். எம் முன்னோர் வதைபட்ட இடத்தின் துர்நாற்றத்தையும் இருளையும் அழித்து, ஐரோப்பியர் மாளிகைபோல ஆக்குகிறீர்களே என்றனர். கோட்டை என்ற பெயரே தகாது, நிலவறைச் சிறை என்றழைக்க வேண்டும் என்றனர். கேப் கோஸ்டில் நிலவறைகளுக்கு அருகே உணவகம் நடத்தப்படுவதையும் கடுமையாக எதிர்த்தனர். அது பின்னர் மூடப்பட்டது. கானாவின் அலுவலரோ, சுண்ணாம்பு பூசுவது அலங்காரத்துக்கன்று, காரைக்குக் காப்பு அதுவே, அடிமை வணிகக் காலத்திலும் இச்சுவர்கள் வெண்மையாகவே இருந்தன என்று விடையளித்தனர். அவர்கள் கூறியதும் உண்மையே. வெளியே வெண்மை, உள்ளே இருள் என்பதே அன்றைய நிலை. கடலிலிருந்து பார்த்த மாலுமிக்கு அது அழகிய கட்டடமாகத்தான் தோன்றியிருக்கும்.

இவ்வழக்கில் இரு தரப்பு மட்டும் இருந்ததாக எண்ணிவிடலாகாது. எல்மினா ஊரார்க்கு அக்கோட்டை ஐந்நூறு ஆண்டுகளாகத் தங்கள் கண்முன் நிற்கும் ஊர்க் கட்டடம். திட்டம் தொடங்கியபின் தங்கள் முற்றத்திலேயே கட்டணம் கேட்கிறார்கள் என்ற குறை அவர்களுக்கு. அசாந்தே மக்களுக்கோ அது தம் மன்னர் முதலாம் பிரெம்பே 1896-இல் ஆங்கிலேயரால் சிறைவைக்கப்பட்ட இடம். அங்கிருந்து சியரா லியோனுக்கும், பின்னர் செய்ஷெல்ஸ் தீவுக்கும் நாடு கடத்தப்பட்ட அவர் 1924-இல்தான் திரும்பினார். சிறையிருப்பில் அவர் ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றமை நம் வரலாற்று நூல்களில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டியது. டச்சுப் பயணிகள் தம் முன்னோரின் கல்லறைகளைத் தேடி வந்தனர். கேப் கோஸ்டின் ஆண்கள் நிலவறையிலோ, கோட்டை எழுமுன் அப்பாறையில் உறைந்ததாக ஊரார் நம்பிய தபிர் என்னும் தெய்வத்துக்கு மீண்டும் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. கடலுக்குச் செல்லும் சுரங்க வழியை அடைத்த சுவரின் முன்னே அதன் பூசாரி அமர்ந்திருப்பார் என்று சென்று வந்தோர் கூறுகின்றனர். மேலே கிறிஸ்தவ ஆராதனைக் கூடம், நடுவே அடிமைகளின் சிறை, அதன் மூலையில் பாறையின் தெய்வம். இவற்றுள் எதைக் காட்டி எதை மறைப்பது?

பழங்கட்டடங்களைப் பேணுதல் பற்றி 1964-இல் வெனிஸ் நகரில் வல்லுநர் கூடி வகுத்த நெறிமுறைகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுதல் நிற்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1994-இல் கேப் கோஸ்டில் கூடிய கருத்தரங்கும் பல்வேறு காலங்களின் தடயங்களையும் காக்கவேண்டும் என்ற முடிவுக்கே வந்தது. இது நியாயமான முடிவு என்பது என் கருத்து. ஆனால் எல்லாக் காலத்துக்கும் சமமான இடம் அளித்துவிட்டால் நீதி நிறைவேறிற்று என எண்ணுவது தவறு. ஆளுநரின் படுக்கையறைச் சன்னலையும், காற்றுத் துளையொன்றையும் ஒரே அளவில் படம் பிடித்து மாட்டினால் வரலாறு நடுநிலை பெற்றுவிடாது.

மிகைப்படுத்தலும் ஒரு கேடே. செனெகல் நாட்டின் கோரே தீவிலுள்ள அடிமைகள் இல்லத்தில், இலட்சக்கணக்கானோர் அவ்வொரு வீட்டின் வாயில் வழியே சென்றதாக நெடுங்காலம் பயணிகளுக்குக் கூறப்பட்டது. 1990-களில் பிலிப் கர்ட்டின் முதலான வரலாற்றறிஞர் இதை மறுத்தனர். அத்தீவின் வழிச் சென்றோர் தொகை அதனினும் மிகக் குறைவு என்றனர். மறுத்தவர்கள்மீதே பழி விழுந்தது. அட்லாண்டிக் கடல் வழியே கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் பேர் என்றும், கரை சேர்ந்தோர் ஒரு கோடியே ஏழு இலட்சம் அளவினர் என்றும் ஆய்வாளர் கப்பல் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டுள்ளனர். இடையே கடலில் மாண்டோர் பதினெட்டு இலட்சம். இதற்குமேல் எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால், எண்ணைப் பொய்யென்று காட்டி நிகழ்ச்சியையே மறுப்போர்க்கு வழி திறந்துவிடுவோம்.

கட்டடப் பிரதிஷ்டைகளிலும் நூற்றாண்டு விழாக்களிலும் நாம் வழக்கமாக எடுக்கும் திருமறைப் பகுதி யோசுவா 4. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் குறித்துப் பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல வேண்டிய விடை அங்குத் தரப்பட்டிருக்கிறது. அது வெற்றியின் விடை, சொல்ல இனியது. மத்தேயு 23-ஐ அவ்விழாக்களில் எவரும் எடுத்து நான் கேட்டதில்லை. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியது நமக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்து அவர் கூறுவதே இங்கு நோக்கற்பாலது. தீர்க்கர்களின் சமாதிகளைக் கட்டி, நீதிமான்களின் கல்லறைகளைச் சிங்காரித்து, எங்கள் முன்னோர் காலத்தில் நாங்கள் இருந்திருந்தால் அக்கொலைக்கு உடன்பட்டிரோம் என்று கூறுவோரை அவர் கடிந்துகொள்கிறார். நினைவுச் சின்னத்தைப் பராமரிப்பதை அவர் குற்றமெனவில்லை. பராமரிப்பதாலேயே தம்மை முன்னோரிடமிருந்து பிரித்துக்கொண்டதாக எண்ணும் எண்ணத்தையே குற்றம் என்கிறார். கேப் கோஸ்ட் ஆராதனைக் கூடத்தில் பாடியவர்கள் நம் ஞான முன்னோர் அல்லர் என்று நாம் கூற முடியாது. அவர்கள் கையாண்ட ஜெபப் புத்தகத்தின் வழிவந்ததை நம் திருச்சபைகள் பலவும் கையாண்டுள்ளன.

கானா நாட்டார் மேற்கொண்ட ஒரு செயல் எந்த ஆய்வரங்கின் தீர்மானத்தைவிடவும் பெரிது. கேப் கோஸ்ட் நிலவறையிலிருந்து கப்பலுக்குச் செல்லும் வாயில், திரும்பி வராதோரின் வாயில் எனப்படும். 1998-இல் ஜமைக்காவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அடிமைகளாயிருந்த இருவரின் உடல் எச்சங்களைக் கொணர்ந்து, கடல் பக்கமிருந்து அதே வாயில் வழியே உள்ளே எடுத்துச் சென்று, அசின் மான்சோ என்னும் ஊரில் அடக்கம் செய்தனர். உள்நாட்டிலிருந்து நடத்தி வரப்பட்ட அடிமைகள் கடைசியாகக் குளித்த ஆறு அவ்வூரில் ஓடுகிறது. அவ்வாயிலின் வெளிப்புறத்தில் இன்று திரும்பி வருவோரின் வாயில் என்று எழுதப்பட்டுள்ளது. கோட்டைச் சுவரில் ஊர்த் தலைவர்களும் மூப்பர்களும் பதித்த கல் ஒன்று, மாண்டோர் இளைப்பாறவும் இத்தகைய அநீதி மீண்டும் நிகழாதிருக்கவும் வேண்டுகிறது. தம் முன்னோர் சிலர் விற்றவர்களாகவும் இருந்தனர் என்பதை அறிந்தே அவர்கள் அதைப் பதித்தனர்.

மீண்டும் தரங்கம்பாடிக்கு வருகிறேன். மாணவரை அங்கு அழைத்துச் சென்றபோதெல்லாம் நான் காட்டியவை 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம், அதிலுள்ள சீகன்பால்கின் கல்லறை, அச்சகத்தின் வரலாறு, 1714-இல் நாம் பெற்ற தமிழ்ச் சுவிசேஷங்கள் ஆகியவையே. 1707 மே 12-ஆம் நாள் சீகன்பால்கு ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐவர், டேனியரிடம் அடிமைகளாயிருந்தோர். இதை முதற்கனிகள் என்ற தலைப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அடிமைகள் என்ற சொல்லில் ஒருமுறையேனும் நின்றதில்லை. அவர்கள் யாருக்கு அடிமைகள், எப்படி ஆனார்கள், ஞானஸ்நானத்துக்குப் பின் என்ன ஆனார்கள் என்று எந்த மாணவனும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் கற்பிக்கவில்லை.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றையும் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆயராயிருந்த ஒரு சேகரத்தில், பழைய கோயிலுக்குத் தெற்குப் பக்கம் இரு வாயில்கள் இருந்தன. ஒன்று அகன்றது, படிகள் உடையது. மற்றது குறுகியது, பின்பகுதியில் திறப்பது. யார் எவ்வழியே வந்தார்கள் என்பதை வாசகர் ஊகிக்கலாம். என் காலத்துக்கு வெகு முன்னரே அவ்வழக்கம் ஒழிந்து, எல்லாரும் பெரிய வாயிலையே பயன்படுத்தினர். கோயிலைப் புதுப்பித்தபோது, பயனற்றுக் கிடந்த சிறிய வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடலாம் என்று சபைக்குழு முடிவு செய்தது. வெட்கத்துக்குரிய அடையாளம் ஒழிகிறது என்று மகிழ்ந்து நானும் ஒப்பமிட்டேன். பூச்சு முடிந்த அன்று ஜெபித்தவனும் நானே. புகைப்படம்கூட எடுத்துவைக்கவில்லை.

சென்ற ஆண்டு அவ்வூரைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் சபையின் வரலாற்றை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் பாட்டி அந்தச் சிறிய வாயில் வழியே கோயிலுக்கு வந்தவர். வாயில் எங்கே இருந்தது என்று பாட்டி கூறும் இடத்தில் இன்று வெறும் சுவர்தான் உள்ளது. சபைப் பதிவேட்டில் இரு வாயில்களைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. ஊரில் இளைஞர்கள், அப்படியொரு வாயில் இருந்ததே இல்லை, பாட்டி வயதாகித் தடுமாறுகிறார் என்கின்றனராம். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று அவர் கேட்டார்.

பார்த்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். வாயிலின் அகலம், உயரம், அது தூண்வரிசையில் எந்தத் தூணுக்கு நேராக இருந்தது என்பவற்றை நினைவிலிருந்து வரைந்தும் கொடுத்தேன். அடைத்த தீர்மானத்தில் என் ஒப்பம் உள்ளதையும் அதில் குறித்திருக்கிறேன். அத்தாளின் படியைச் சபைப் பதிவேட்டில் சேர்க்கும்படி இப்போதைய ஆயருக்கு எழுதியிருக்கிறேன். குழுவின் அடுத்த கூட்டத்தில் வைப்பதாக விடை வந்துள்ளது.